பாதருக்குச் சாப்பாட்டு முறை

எந்தச் சபை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் "ஓ, அந்த ஊரா?" என்று தலையை ஆட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போய்விடுவீர்கள். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரைப் பக்கத்தில் ஒரு ஊர், அவ்வளவு போதும். சூரியன் எழுகிற கிழக்குக் கரை எழுவான்கரை, அது படுகிற மேற்குக் கரை படுவான்கரை. சண்டைக் காலத்தில் எங்கள் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம். நடுவில் வாவி. வாவிக்கு மீன் பிடிக்கப் போனவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

என் வீடு கோயில் வாசலுக்கு நேரெதிர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். தையல்தான் என் பிழைப்பு. வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலடியில் போட்டிருந்தேன். கோயிலுக்கு யார் வருகிறார், யார் போகிறார், யார் யாரைக் கண்டு முகத்தைத் திருப்புகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடக்காது. "கோயிலுக்கு ரெண்டு காவல்கா. ஒண்டு சம்மனசு, மற்றது நீ" என்று ஊர்ப் பெண்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். சம்மனசு என்றால் தேவதூதர், 'கா' என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுகிற சொல். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

பாதருக்குச் சமைத்துக்கொண்டிருந்த மனிதர் ஊருக்குள் ஷெல் விழுந்த ஒரு செல்லடிக்குப் பிறகு பெண்சாதி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஊர் வீடுகள் முறை வைத்துப் பாதருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கின. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. இதில் பெண்களுக்குள் பெரிய போட்டி. தன் பிள்ளைகளுக்குப் பருப்பும் சொதியும் வைத்தவள்கூட முறை வந்தால் எங்கேயாவது தேடி இறால் வாங்கிவிடுவாள். "நேற்றைய கறி நல்லா இருந்தது" என்று பாதர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்த வீட்டுக்காரி ஒரு கிழமைக்கு நிலத்தில் கால் படாமல் நடப்பாள்.

சமைத்த சோற்றைக் கொண்டுபோவது யார் என்பதில்தான் நாங்கள் பிழைவிட்டோம். பொடியன்களை அனுப்பினால் சந்தியில் ஆமி மறித்துக் கொண்டுபோய்விடும். ஆம்பிளைகளும் அப்படித்தான், தேவையில்லாமல் ரோட்டில் தலை காட்டுவதில்லை. பெண்களுக்கு வீட்டு வேலை. ஆகவே பெண்பிள்ளைகளை அனுப்பினோம். கோயிலுக்குத்தானே போகிறாள், பெட்டைக்கு என்ன பயம் என்றோம். பச்சை உடுப்பைக் கண்டாலே நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு, வெள்ளை உடுப்புக்கும் பயப்பட வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து, முறை வைத்து, குளிக்க வார்த்து, தலை பின்னி, பிள்ளைகளை ஒவ்வொருவராக அந்த வீட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பாதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவன் என்றால் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் பயந்த மனிதர் இல்லை. சுற்றிவளைப்பில் பொடியன்கள் பிடிபட்டால் வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஆமிக் காம்ப் வாசலுக்குப் போய் நிற்பார். ஆரம்பத்தில் சில பொடியன்களை வெளியில் எடுத்தும் தந்தார். அது உண்மை, நான் மறுக்கமாட்டேன். நல்லது செய்த அதே கையால் கெட்டதையும் செய்யலாம் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் எங்கள் ஊருக்குக் கஷ்டமாக இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் ஊரில் அந்த நாட்களில் சாமியைவிடப் பூசாரியிடம்தான் எல்லோரும் வரம் கேட்டார்கள்.

என் வீட்டுக்குப் பின்வளவில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தகப்பன் வாவிக்குப் போய்த் திரும்பாதவர்களில் ஒருவர். மூத்த மகனை ஒரு சுற்றிவளைப்பில் பள்ளிக்கூட மைதானத்தில் வைத்துப் பிடித்து, காம்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயதிருக்கும். நல்ல வாய்க்காரி, சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த வருஷம் அவளுடைய சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அண்ணனை நினைத்து வாடுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு நாள் அவர்கள் வீட்டு முறை. அவள் துவாயில் முடிந்த சோற்றுப் பொட்டளியோடு கோயில் வாசலுக்கு வந்தாள். பாதரின் வீடு கோயில் வளவுக்குள் பின்பக்கம். அவள் உள்ளே போகவில்லை. வாசல் மதிலின்மேல் பொட்டளியை வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். நான் மெஷினை விட்டு எழும்ப முதல் காகங்கள் வந்துவிட்டன. இறால் கறி வேறு, கேட்கவா வேண்டும்! பின்னேரம் பின்வளவில் அடி விழுகிற சத்தம் கேட்டது. சாப்பாடு வரவில்லை என்று பாதர் ஆளனுப்பிக் கேட்டாராம், தாய்க்கு மானம் போய்விட்டதாம்.

அடுத்த முறை வந்தபோதும் அதே மதில், அதே காகங்கள், அதே அடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் பொய் சொல்வார்கள், கள்ளம் பண்ணுவார்கள், எல்லாம் ஏதாவது கிடைக்கும் என்றுதான். இவளுக்குக் கிடைத்தது அடி மட்டும். அடி விழும் என்று தெரிந்தும் ஒரு பிள்ளை ஒரு வாசலுக்குள் போக மறுத்தால், அந்த வாசலுக்குள் அடியைவிடப் பெரியது ஏதோ இருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவளைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வா புள்ள. வந்து இதில இரி."

வந்து மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தாள். நான் தைத்துக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்லமாட்டாள் என்று.

"சோத்தை ஏன் மதில்ல வெச்ச நீ?"

"நான் இனி உள்ளுக்குப் போகமாட்டன் அக்கா. அம்மா அடிச்சாலும் போகமாட்டன்."

பிறகு சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது. நான் மெஷினை நிறுத்தினேன், அவ்வளவுதான். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன்.

"ஏன் மனே அம்மாக்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா அண்ணனை விடமாட்டாங்க எண்டு பாதர் சொன்னவர். அவர்தானே போய்ப் பார்க்கிற. ஒவ்வொரு முறையும் சொல்லுவார், அண்ணனைக் கண்டனான், நீ நல்ல பிள்ளையா இருந்தாக் கெதியா வந்திருவான் எண்டு."

கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "நீ ஒரு பிழையும் செய்யல்ல புள்ள. பிழை செஞ்சது அவர்" என்று சொன்னேன். அவள் அழவில்லை. யாராவது அதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டாள்.

தாயிடம் போனேன். அவள் கிணற்றடியில் இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் கறுத்தது. முதலில் என்மேல்தான் பாய்ந்தாள்.

"உனக்கு நாக்கு அழுகிப்போகும்கா! என்ட மகனுக்காகக் காம்புக்கு அலையிற மனிசன் அவர். ஆருக்கு என்ன கதை கட்டுறாய்?"

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அப்படி நின்றது குறைவு. மகள் எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அண்ணன் வாறதுக்குத்தான் பொறுத்தன் அம்மா" என்றாள்.

தாய் அப்படியே கிணற்றுக் கட்டில் சாய்ந்துவிட்டாள். பிறகு எழும்பி, கையைக் கழுவி, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், சின்னப் பிள்ளையை வைக்கிற மாதிரி. அப்போது அவள் சொன்ன வார்த்தையைத்தான் பிறகு நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

"அவன் வாற நேரம் வரட்டும். ஒரு பிள்ளையைக் குடுத்து மற்றப் பிள்ளையை எடுக்க நான் என்ன யாவாரமா பண்ணுறன்?"

அந்த நாட்களில் நாலு பேர் கூடினால் ஆமியும் கேட்கும், இயக்கமும் கேட்கும். ஆனால் தையல்காரி வீட்டில் பெண்கள் கூடினால் யார் கேட்பார்? கோயில் பெருநாளும் கிட்ட வந்துகொண்டிருந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க என்று ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டேன். தாய் தானே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் சிலர் சிலுவை போட்டார்கள். சிலர் என்னைப் பார்த்தார்கள், இவள் கிளப்பின கதையா என்று. ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்கட முறை வந்தா என்ட மகளுக்குக் காய்ச்சல் வரும்" என்றாள். "கள்ளக் காய்ச்சல் எண்டு நினைச்சு நான் அனுப்பினனான்." அதற்குப் பிறகு ஒருவரும் சிலுவை போடவில்லை.

என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பொலிசுக்குப் போகலாமா? அந்தக் காலத்தில் பொலிஸ் ஸ்டேஷன் என்றால் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் போகிற இடம். ஒரு பெட்டையைக் கூட்டிக்கொண்டு முறைப்பாடு கொடுக்கப் போகிற இடம் இல்லை. இன்றைக்கு என்றால் நான் முதலில் அங்கேதான் போவேன், பிறகுதான் கோயில். யாரும் என்னைப் பார்த்து "அப்ப நீங்க போகல்லத்தானே" என்று சாட்டுச் சொல்ல வேண்டாம்.

ஒருத்தி மெதுவாக, "இயக்கத்துக்குச் சொன்னா ஒரே நாளில முடிஞ்சிரும்" என்றாள். எல்லோருக்கும் தெரியும் எப்படி முடியும் என்று. விடிய லைட் கம்பத்தில் ஆள் பிணமாக இருக்கும், கழுத்தில் ஒரு மட்டை தொங்கும், மட்டையில் காரணம் எழுதியிருக்கும். ஊர் கூடி நின்று வாசிக்கும். தாய் தலையை ஆட்டினாள். "வேணாம். என்ட மகளின்ட கதையை மட்டையில எழுத விடமாட்டன். அவர் சாகவும் வேணாம். ஒரு பிள்ளைக்கும் கிட்ட வரப்படாது, அதுதான் எனக்கு வேணும்."

அதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். இனிப் பிள்ளைகள் சோறு கொண்டுபோவதில்லை. எந்தப் பிள்ளையும் எதற்காகவும் அந்த வீட்டுக்குள் தனியே போவதில்லை. ஞாயிறு பாடம் கோயிலுக்குள், கதவுகள் எல்லாம் திறந்தபடி, ஒரு தாயாவது பக்கத்தில். பாதரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் எல்லோருக்கும் தெரிகிற முன் வாங்கில். முறை வருகிற வீட்டுக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து சோற்றைக் கொண்டுபோய் முன் விறாந்தையில் வைத்துவிட்டு வர வேண்டும்.

முதல் நாள் தாயும் நானும் போனோம். பாதர் விறாந்தைக்கு வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேர்?"

"சோறு பாரம் பாதர்" என்றேன்.

சிரிக்கப் பார்த்தார். "பிள்ளை எங்கே?"

தாய் பொட்டளியை மேசையில் வைத்தாள். "பிள்ளைகள் இனி இந்த வீட்டுக்கு வராதுகள். ஏன் எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவருடைய முகம் வெளிறியது. ஆனால் சுதாரித்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். குரலைத் தாழ்த்தி, மெத்தக் கருணையாக, "மகனைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்கோ" என்றார்.

"நினைச்சுத்தான் சொல்லுறன்" என்றாள் தாய். திரும்பி நடந்தோம். வாசலைத் தாண்டும்வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் புறணி பேசுகிற நாக்குகளைப் பற்றிப் பேசினார். தாய் எழும்பி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். பின்னால் நான். எனக்குப் பின்னால் மற்றப் பெண்கள். ஆம்பிளைகள் மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டு இருந்தார்கள்.

அன்று பின்னேரமே கோயில் மூப்பர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவர்தான் கோயில் காரியங்களைப் பார்ப்பவர், எனக்கு ஒரு வழியில் பெரியப்பா முறை. நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"என்ன புள்ள இந்த வேலை? ஊருக்கு இரிக்கிறது ஒரு வெள்ளை உடுப்பு. அதையும் கழட்டிட்டா, நாளைக்குப் பொடியனுகளைப் பிடிச்சா ஆர் காம்புக்குப் போற? நீ போறியா?"

"ஓம், போறன்" என்றேன்.

கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் வாயை விட்டுப் போய்விட்டது, இனி விழுங்க முடியாது. பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உன்ட வாய்தான் உனக்குக் கேடு" என்று சொல்லிப் போனார். 'போறன்' என்று நான் விட்ட அந்தச் சொல்லையே அன்று மற்றப் பெண்களிடம் கொண்டுபோனேன். காம்ப் வாசலுக்குப் பாதர்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லையே.

அப்படித்தான் அடுத்த முறை தொடங்கியது. சாப்பாட்டுக்கு வைத்த மாதிரியே காம்ப் வாசலுக்கும் முறை வைத்தோம். கிழமைக்கு ஒருநாள், முறைக்காரிகள் கூட்டமாகப் போவது. தனியே ஒருத்தியும் போவதில்லை. வாசலில் நிற்பது. உள்ளே இருக்கிற எங்கள் ஊர்ப் பொடியன்கள் எல்லோருடைய பெயரையும் சொல்லிக் கேட்பது. தன் மகன் பெயரை மட்டும் சொல்லக்கூடாது, அது தாய் போட்ட சட்டம். முதல் நாள் எங்களை விரட்டினார்கள். கொஞ்சம் தள்ளிப்போய் மரத்தடியில் நின்றோம். அடுத்த கிழமையும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. காவல் சென்றியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் ஒருவன் எங்களைப் பார்த்து அலுத்துப்போய், "அம்மா, வீட்டில வேலை இல்லையா?" என்றான். "இதுதான் வேலை" என்றேன்.

இதற்கிடையில் சபையின் மேலிடத்துக்கும் போனோம். தாயும் நானும் பஸ்ஸில் ஏறி, கல்லடிப் பாலத்தில் இறங்கிச் சோதனைக்கு நடந்து, மறுபடி ஏறி, பட்டணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே பெரிய பாதர் ஒருவர் எங்களை இருத்தி, தேத்தண்ணீர் தந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"செபம் பண்ணுவம் அம்மா. சனம் இவ்வளவு கஷ்டப்படுற நேரம், இந்தக் கதை வெளியில போனால் சபைக்கு எவ்வளவு பெரிய காயம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கச் சொல்றீங்களா பாதர்? நாங்க சோறு சமைக்கிறவங்க. மறையாது எண்டு எங்களுக்குத் தெரியும்."

அவர் கண்ணைத் திறந்து, எங்கள் பாதருக்குக் கெதியில் ஒரு இடமாற்றம் போடுவதாகச் சொன்னார். நான் எழும்பப் போனேன். தாய் எழும்பவில்லை.

"எந்த ஊருக்கு?" என்று கேட்டாள்.

"அதை நாங்கள் தீர்மானிப்பம் அம்மா."

"அந்த ஊர்ல பிள்ளைகள் இல்லையா?"

அவர் எழும்பி எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தாய் ஜன்னலால் பார்த்துக்கொண்டே வந்தாள். "மாத்துவாங்க. ஆனாக் கதை முடியல்ல" என்றாள்.

மாற்றினார்கள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊருக்கு. எங்கள் ஊர் ஆம்பிளைகள் மாலை போட்டு, மேளம் இல்லாத குறையாக வழியனுப்பினார்கள். ஒரு பெண்ணும் போகவில்லை. நான் ஜன்னலைச் சாத்தினேன், அந்த மெஷினை அங்கே போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக.

மறுகிழமை தாய் விடியவே சமைத்துச் சோறு கட்டினாள். "எங்ககா போற?" என்றேன். "படுவான்கரைக்கு. பாதருக்குச் சோறு எண்டாத்தான் ஆமி விடுவான்" என்றாள். நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். எங்கள் பக்கத்தில் வாவியைக் கடக்கிற மிதவைக்குப் பாதை என்று பெயர். பாதைத் துறையில் ஆமிக்காரன் ஒருவன் பொட்டளியை அவிழ்த்துக் கிளறிப் பார்த்தான். "எங்க போறது?" என்று கேட்டான். "பாதருக்குச் சாப்பாடு" என்றோம். உடனே விட்டுவிட்டான். பொய் சொன்னோம் என்று நான் நினைக்கவில்லை. பாதரின் சாப்பாட்டைப் பற்றிப் பேசத்தானே போனோம்.

அங்கே வட்டை என்கிற வயல்வெளியில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் மத்தியானம் வரப்பில் நிழலுக்கு வந்தபோது நாங்களும் போய் இருந்தோம், கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்தோம். தாய் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட ஊருக்கு வந்திரிக்கிற பாதர் என்ட மகளுக்குக் கெடுதல் செஞ்சவர். அதச் சொல்லத்தான் வந்தம். இயக்கத்துக்குப் போக வேணாம், பொம்பிளைகளுக்குள்ள மட்டும் இரிக்கட்டும்" என்றாள். ஒரு மனிசி கோபத்தோடு எழும்பினாள், எங்கள் ஊரில் தாய் என்மேல் பாய்ந்த மாதிரியே. தாய் அவளைப் பார்த்துச் சொன்னாள்: "நானும் முதல்ல இப்படித்தான் ஏசினனான். ஏசிட்டு மறுகா உன்ட மகளைக் கேள்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொருத்தி கேட்டாள், "நாங்க என்ன செய்யிற?"

"சோத்தை நிப்பாட்டுங்க" என்றேன். "அடுப்பு நம்மட. அதுக்கு ஆர்ட உத்தரவும் வேண்டாம்."

நிறுத்தினார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த ஊரில் ஒரு வீட்டிலும் அவருக்கு உலை வைக்கவில்லை. பக்கத்து ஊருக்கும் கதை போனது. எங்கே அனுப்பினாலும் எங்களுக்கு முன்னால் அந்தக் கதை அங்கே போய் நிற்கும் என்று மேலிடத்துக்கும் விளங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். வழக்கமாக அது ஊரைத் திட்டுகிற பழமொழி. இந்த ஒருமுறை ஊர் வாய் நல்லது செய்தது.

கடைசியில் பட்டணத்துப் பெரிய பாதரே எங்கள் ஊருக்கு வந்தார். இந்தமுறை செபம் பண்ணுவோம் என்று தொடங்கவில்லை. அவரை எல்லாப் பொறுப்பிலிருந்தும் எடுத்துவிட்டோம், இனி எந்தக் கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை என்றார். "அதை எங்ககிட்டச் சொல்லாதீங்க. ஞாயிறு பூசையில சொல்லுங்க" என்றாள் தாய். அவர் கனநேரம் யோசித்தார். ஆனால் சொன்னார். பிள்ளைகளுக்குப் பெரிய கெடுதல் செய்தவர் என்றும், சொன்ன பெண்களை நம்பாமல் விட்டது சபையின் பிழை என்றும் பீடத்தில் நின்று சொன்னார். எந்தப் பிள்ளையின் பெயரும் வரவில்லை. மூப்பர் பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பட்ட கெடுதலுக்கு இது போதுமான தண்டனையா என்று கேட்டால், இல்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியாகிவிட்டது.

புதிதாக வந்த பாதர் வயதானவர். சோறு கொண்டுவர வேண்டாம், முறைக்கு நானே வீடுகளுக்கு வந்து குடும்பத்தோடு இருந்து சாப்பிடுகிறேன் என்றார். ஞாயிறு பாடத்துக்குக் கோயில் கதவுகளை அவரே அகலத் திறந்து வைத்தார். "எனக்கும் அது காவல்தான்" என்றார். நல்லவராகத்தான் தெரிந்தார். ஆனாலும் முறைக்காரிகள் பாட நேரத்துக்குப் போய் இருப்பதை நாங்கள் விடவில்லை. நல்லவர் வந்துவிட்டார் என்று காவலைத் தளர்த்துவதாக இல்லை.

காம்ப் வாசலுக்குப் போவதையும் விடவில்லை. மழைக்கும் போனோம், வெயிலுக்கும் போனோம். ஒரு பொடியன் வந்தான். பிறகு இன்னொருவன். பிறகு ஒரு நாள் மத்தியானம், நான் மெஷினில் இருந்தபடி பார்க்கிறேன், பெருத்த சட்டை போட்ட ஒரு மெலிந்த உருவம் கோயில் வாசலைத் தாண்டி நடந்து வருகிறது. எனக்கு அடையாளம் தெரிய நேரமானது. அந்தத் தாயின் மகன்.

நான் போட்டது போட்டபடி பின்வளவுக்கு ஓடினேன். தாய் மகனைக் கட்டிப் பிடித்துக் கத்தினாள், பிறகு நான் கத்தினேன், பிறகு ஊரே வந்துவிட்டது. ஆட்கள் கலைந்த பிறகு தாய் அவனுக்குச் சோறு போட்டாள். மகளும் நானும் அவனோடு பாயில் இருந்தோம். இறால் கறிதான். அவன் சாப்பிட்டதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு பசி.

மகள் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்ணா, பாதர் உன்னை அடிக்கடி வந்து பார்த்தவர்தானே?"

அவன் மென்றுகொண்டே இல்லை என்று தலையை ஆட்டினான். "எந்தப் பாதர்? என்னை ஒருத்தரும் வந்து பார்க்கல்ல. அம்மா ஆக்கள் வாசல்ல வந்து நிண்ட பிறகுதான் என்ட பேரே அவனுகளுக்குத் தெரிஞ்சது."

தாயின் கை அகப்பையோடு நின்றது. நான் அவளைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தேன். "ஒரு நாளுமா?" என்று கேட்டாள்.

"ஒரு நாளும் இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டன்."

அவள் பொறுத்ததெல்லாம் ஒரு பொய்க்காக. எனக்கு அந்த இடத்தில் எழும்பி எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது. அவள் கோப்பையில் சோற்றைக் குழைத்தாள், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பிறகு நிமிர்ந்து தாயைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காம்ப் வாசலுக்கு ஆர்ட முறை அம்மா?"

"எங்கட முறைதான். அண்ணன் வந்திட்டான் எண்டு நிப்பாட்டமாட்டம். இன்னும் பொடியனுகள் உள்ளுக்கு இரிக்கிறாங்க."

"நானும் வாறன்."

"நீ என்னத்துக்குப் புள்ள? அங்க ஆமி நிப்பான்."

"தனியாப் போகல்லத்தானே அம்மா" என்றாள் அவள். "எல்லாரோடயும்தானே."

தாய் மகளின் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டாள். அவள் சாப்பிடத் தொடங்கினாள்.